ஆவணியில் நடத்த வேண்டிய பாடம்

மார்ச் 22, உலக நீர் தினம் வந்தால் பாடசாலையில் சித்திரப் போட்டி வைப்போம். பிள்ளைகள் வெடித்த நிலமும் நடுவில் ஒரு பட்ட மரமும் கீறுவார்கள். ஜன்னலால் எட்டிப் பார்த்தால் குளத்தில் இன்னும் தண்ணீர் நிற்கும். நிலம் உண்மையிலேயே வெடிக்கிற ஆவணியில் பெரும்பாலும் விடுமுறை. வறட்சியைப் பற்றிப் படிப்பிக்க இதைவிடப் பொருத்தமில்லாத நாள் கிடைக்காது.

ஒருமுறை தரம் 8இல் "தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிக்க வேண்டும்" என்று நீட்டி முழக்கினேன். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினாள். "சேர், எங்கட வீட்டில அரிசி கழுவின தண்ணி ஆட்டுக்கு. உடுப்புத் தோய்ச்ச தண்ணி வாழைக்கு. இதுக்கு மேல எதைச் சேர் மிச்சம் பிடிக்கிறது?" தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வராத நாளில் குடத்தோடு நடக்கிற பிள்ளை. எனக்குப் பதில் வரவில்லை. அன்றோடு அந்த உபதேசத்தை விட்டுவிட்டேன்.

வன்னியில் மழையே இல்லை என்பது சரியல்ல. 2017இல் வறட்சியில் வாடிய கிளிநொச்சியும் முல்லைத்தீவும்தான் 2018 மார்கழியில் வெள்ளத்தில் மூழ்கின. பெய்வதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிடித்து வைத்தால்தான் மற்ற மாதங்களுக்கு உண்டு. மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், வவுனிக்குளம், நெடுங்கேணி, இரணைமடு: ஊர்ப் பெயர்களிலேயே அது கிடக்கிறது. பிள்ளைகள் பெயர்களை மளமளவென்று சொல்வார்கள். குளக்கட்டில் கூட்டிக்கொண்டு போய் துருசு (தண்ணீர் திறந்துவிடுகிற மதகு) எது, வான் (மிஞ்சிய தண்ணீர் வழிகிற இடம்) எது என்று கேட்டால் பாதிப்பேர் முழிக்கிறார்கள். (நானும் வாத்தியாராக வந்த புதிதில் முழித்தவன்தான்.)

இரணைமடு 36 அடி வரை தண்ணீர் பிடிக்கிற குளம். சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெல்லுக்கு, எத்தனை ஏக்கர் விதைப்பது என்பது குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துத்தான் கூட்டத்தில் முடிவாகும். தகப்பன் கமக்காரன் என்றால் வீட்டில் அன்றிரவு பேச்சே அதுதான். இதைவிட நல்ல கணக்குப் பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

போன வருடம் வகுப்பறைக் கட்டடத்தை அளக்கவிட்டேன். கூரை மூடுகிற இடம் நீளம் 20 மீற்றர், அகலம் 6 மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். அப்படியென்றால் ஒரு நாள் 50 மில்லிமீற்றர் பெய்தால் 6,000 லீற்றர். கொஞ்சம் சிந்திப் போனாலும், ஆயிரம் லீற்றர்த் தாங்கி குறைந்தது ஐந்து நிரம்பும். கணக்கை முடித்த பெடியன் கொப்பியை மூடிவிட்டு மேலே பார்த்தான். "சேர், பீலி எங்க?"

கூரைத் தண்ணீரை ஏந்துகிற தகரப் பீலி எங்கள் கட்டடத்தில் இல்லை. இத்தனை வருடமும் அந்தத் தண்ணீர் முற்றத்து மண்ணை அரித்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறது. அந்த முற்றத்தில் நின்றுதான் நாங்கள் நீர் தின உறுதிமொழி எடுத்திருக்கிறோம்.

ஐப்பசிக்கு முன்னர் ஒரு பக்கத்துக்காவது பீலி போட்டுவிட வேண்டும். தகரவேலை தெரிந்த பழைய மாணவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். சாப்பாடு என் பொறுப்பு.