எல்லாக் கழிவையும் ஒரே பேரலில் ஊற்றாதீர்கள்

சிறு தொழில்களின் மாசு என்று பேச்செடுத்தாலே சுத்திகரிப்பு எந்திரம், அனுமதி, அபராதம் என்றுதான் விவாதம் போகிறது. பாதி விஷயம் அதற்கு வெகு முன்பே, கையில் இருக்கிற டப்பாவை எதில் கவிழ்க்கிறோம் என்பதிலேயே முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து. வாகனப் பட்டறையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயில் தனியாக இருக்கும்வரை அது ஒரு சரக்கு. அடிப்படை எண்ணெய் அவ்வளவாகக் கெடுவதில்லை. அதில் சேர்த்த ரசாயனங்கள் தீர்ந்து, கரியும் உலோகத் துகளும் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். மறுசுத்திகரிப்பு ஆலையால் அதை மீண்டும் ஆயிலாக்க முடியும். அதே பேரலில் குளோரின் உள்ள பிரேக் கிளீனர் மிச்சத்தை யாராவது ஊற்றிவிட்டால் போச்சு. அமெரிக்க விதிப்படி, பழைய ஆயிலில் மொத்த ஹாலஜன் (குளோரின் வகையறா) 1,000 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கைத் தாண்டினால் அபாயக் கழிவு கலந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது பட்டறைக்காரர் பாடு. 200 லிட்டர் பேரலை அந்த அளவுக்குக் கொண்டுபோக, அப்படிப்பட்ட கிளீனர்களில் வரும் பெர்க்குளோரோஎத்திலீன் என்ற குளோரின் கரைப்பான் சுமார் 130 மில்லி போதும். ஒரு டம்ளர்கூட இல்லை.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட்டும் அப்படித்தான். ஆயிலில் விழுந்தால் பால்போலக் கலங்கிப் பிரியவே பிரியாது. ஈயப் பற்றுவைத்த பழைய ரேடியேட்டரிலிருந்து வந்திருந்தால் ஈயமும் கூடவே வரும். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், ஆனால் இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும்; திறந்த டிரேயில் வைக்கவே கூடாது. ஆயில், கூலண்ட், கரைப்பான் ஒவ்வொன்றுக்கும் தனிப் பேரல், தனிப் புனல், மூடி, பெரிய எழுத்தில் பெயர். கரைப்பான் கேனை ஆயில் பேரலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சாயங்காலம் களைத்துப்போன ஆள் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதில்தான் ஊற்றுவார், பெயர்ப்பலகையைப் படிக்க மாட்டார். பேரல்களுக்கு அடியில் ஒரு தொட்டி வேண்டும். இருப்பதில் பெரிய பேரல் முழுவதும் கொட்டினாலும் தாங்கி, மேலே பத்து சதவீதம் மிச்சம் இருக்கும் அளவுக்கு.

ஆயில் பில்டரைச் சூடாக இருக்கும்போதே கழற்றி, மேல்முனையில் ஓட்டை போட்டு, கவிழ்த்து 12 மணி நேரம் விடுங்கள். ஆறிய பில்டரில் ஆயில் கெட்டியாகி உள்ளேயே நின்றுவிடும். ஓட்டை போடாவிட்டால் உள்ளே இருக்கும் வால்வு அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

தரையில் சிந்தியதும் மரத்தூளை அள்ளிக் கொட்டுகிற பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒரு லிட்டர் ஆயில் சிந்தினால் ஒரு கூடை கழிவாகிறது. முதலில் ரப்பர் தள்ளியால் முறத்தில் வழித்தெடுத்துப் பேரலில் சேருங்கள். மிஞ்சிய ஈரத்துக்கு மட்டும் தூள். அப்புறம் சோப் ஆயில் போட்டுக் கழுவுகிறார்கள். கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் ஆயில் பிரிப்பான் தொட்டி வேலை செய்வதே ஆயில் மேலே மிதக்கும் என்பதால்தான். சோப்பு அதைப் பொடிப்பொடித் துளியாக்கித் தண்ணீரோடு கலந்து நேரே சாக்கடைக்கு அனுப்பிவிடும். தொட்டி கட்டியும் ஆயில் வெளியே போகிறதே என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சோப்பைத்தான். ‘மக்கும்’, ‘தண்ணீரில் கரையும்’ என்று லேபிளில் போட்ட கிளீனரும் இதில் சேர்த்தி. பயன்படுத்திய பிறகு அதில் இருப்பது உங்கள் ஆயிலும் உலோகமும், அது மக்காது.

பாகங்கள் கழுவும் கரைப்பான் கறுத்ததும் கொட்டிவிடுகிறார்கள். நிறத்துக்கும் கழுவும் சக்திக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. இரண்டு தொட்டி வையுங்கள்: பழையதில் முதல் கழுவல், புதியதில் கடைசி அலசல். பழையது உண்மையிலேயே அழுக்கெடுக்காத நிலைக்கு வந்தால் மட்டும் வெளியே அனுப்பி, இரண்டாவதை முதலாவதாக்குங்கள். ராத்திரி அசையாமல் விட்டால் சேறு அடியில் படியும், மேலே தெளிந்ததை இறுத்துக்கொள்ளலாம்.

பெயிண்ட் அடிக்கும் இடத்தில் வீண் இன்னும் அதிகம். சாதாரண ஸ்பிரே கன்னில் பெயிண்டில் மூன்றில் ஒரு பங்குகூடப் பல சமயம் வண்டியில் ஒட்டுவதில்லை. ஹெச்விஎல்பி (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) வகை கன்னில் 65 சதவீதம்வரை ஒட்டும், ஆனால் கன்னின் முனையிலுள்ள காற்று மூடியில் அழுத்தம் 10 பிஎஸ்ஐக்குள் (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) இருந்தால்தான். அதற்குக் காற்றின் அளவு அதிகம் வேண்டும். சின்ன கம்ப்ரசர் மூச்சுவாங்கும். உடனே பெயிண்டர் அழுத்தத்தைக் கூட்டுவார், பழைய கன்னுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லாமல் போகும், பழி மட்டும் கன் மேல் விழும். ஹார்டனர் சேர்த்த பெயிண்டை வேண்டிய அளவுக்கு மட்டும் கலக்குங்கள். மிஞ்சினால் டப்பாவிலேயே இறுகிவிடும். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமா வரவைக்கக்கூடியது, துணி முகமூடி அதற்குப் போதாது.

முலாம் பூசும் பட்டறைகளில் பெரிய கோளாறு அவசரம். சாமானைத் தொட்டியிலிருந்து வெடுக்கென்று எடுத்து அலசு தண்ணீரில் முக்குகிறார்கள்; கூடவே காசு கொடுத்து வாங்கிய ரசாயனமும் போகிறது. மெதுவாகத் தூக்கி, தொட்டிக்கு மேலேயே 10 நொடி பிடித்தால் நிறையச் சொட்டித் திரும்பிவிடும். குழிவான பாகங்களைக் கவிழ்த்து மாட்ட வேண்டும். ஒட்டிவரும் ஒரு லிட்டர் கரைசலை ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்ய, ஒரே அலசு தொட்டி என்றால் 1,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். இரண்டு தொட்டி வைத்து, புதுத் தண்ணீரைக் கடைசித் தொட்டியில் விட்டு, அது வழிந்து முதல் தொட்டிக்கு வருமாறு செய்தால் சுமார் 32 லிட்டர் போதும். மூன்று தொட்டி என்றால் பத்துதான். தண்ணீர் சாமானுக்கு எதிர்த்திசையில் ஓட வேண்டும். குழாயை மாற்றி இணைத்தாலோ, ஒவ்வொரு தொட்டிக்கும் தனிக் குழாய் வைத்தாலோ இந்தக் கணக்கு செல்லாது. ஒன்று மட்டும் விளையாட்டல்ல: சயனைடு அலசு நீரும் அமிலக் கழிவும் ஒரே வாய்க்காலில் சேரவே கூடாது. சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும், ஆள் செத்துப்போவார்.

கடைசியாக, செலவே இல்லாத ஒரு சோதனை. இந்த மாதம் வாங்கிய தின்னர் எத்தனை லிட்டர், கழிவாக வெளியே போனது எத்தனை லிட்டர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 20 வாங்கி 6 போயிருந்தால், பெயிண்டில் கலந்ததைக் கழித்துவிட்டு மீதியைத் தேடுங்கள். திறந்து கிடக்கும் டப்பா, மூடாத கழுவுதொட்டி, மூலையில் குவித்த ஈரமான வேஸ்ட் துணி என்று நாலைந்து இடம்தான் இருக்கும். துணியை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போட்டு அன்றன்றே வெளியேற்றுங்கள். ஆளிவிதை எண்ணெய் மாதிரி உலரும் எண்ணெய் பட்ட துணி குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.