ராத்திரி ஏழு மணிக்கு உதவுகிற புத்தகம்

சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கிய புத்தகங்களைப் படம் எடுத்து இங்கே போட்டேன். அதற்குக் கீழே நடந்ததை உங்களில் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். நாவலைப் பற்றியும் கட்டுரைத் தொகுப்பைப் பற்றியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுக்கின் நடுவே இருந்த சமையல் புத்தகங்கள்தான் கண்ணை உறுத்தியிருக்கின்றன. “நந்தனம் வரை போய் இதையா தூக்கிக்கொண்டு வந்தீர்கள்? இதெல்லாம் ஒரு புத்தகமா?” என்று ஆரம்பித்தவர், நான் தன்மையாகப் பதில் சொன்ன பிறகும் விடவில்லை. அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். அதுதான் வலித்தது. சண்டைக்கு வரவில்லை, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

தினசரி ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது யோசித்துச் செய்கிற வேலை. அது கல்யாண விருந்துக்கு உதவ வேண்டாம், தீபாவளிக்கு உதவ வேண்டாம். ஆபீஸிலிருந்து வந்து, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் ஃபிரிட்ஜைத் திறக்கிற ராத்திரி ஏழு மணிக்கு உதவ வேண்டும். என் அளவுகோல் அவ்வளவுதான்.

மதியத்துக்கு நம் வீடுகளில் ஒரு வரிசை உண்டு. குழம்பு, ரசம், ஒரு காய், மோர். காய் மாறினாலே சாப்பாடு மாறிவிடும். ராத்திரிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. மாவு இருந்தால் தோசை, தீர்ந்துவிட்டால் சப்பாத்தி, அதற்கும் தெம்பில்லை என்றால் உப்புமா. தேங்காய்ச் சட்னியா தக்காளிச் சட்னியா என்பதுதான் மொத்த மாற்றமும். வருடக்கணக்காக இதிலேயே சுற்றுகிற வீடுகள் எத்தனை! சாப்பிடுகிறவர்களுக்கு அலுத்துப் போகிறது, சரி. செய்கிறவளுக்கு அலுக்காதா?

அரங்கில் நிற்கும்போது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பண்டத்தின் பக்கத்தைத்தான் முதலில் திறப்பேன். ரவா உப்புமா, இல்லாவிட்டால் அடை. உப்புமாவுக்கு “தண்ணீர் தேவையான அளவு” என்று போட்டிருந்தால் மூடி வைத்துவிடுவேன். அளவு தெரிந்தவளுக்கு அந்தப் பக்கமே எதற்கு? அடைக்கு எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதை மேலேயே சொல்லாமல் செய்முறைக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தாலும் வேண்டாம். ஏழு மணிக்கு அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு “இரண்டு மணி நேரம் ஊறவைத்த பருப்பை” என்று படித்துப் பாருங்கள், தெரியும். கப் என்றால் எந்தக் கப் என்று எழுதியிருக்க வேண்டும். 200 மில்லிக்கும் 250 மில்லிக்கும் நடுவில் ஒரு களி கெட்டுப்போகும். அப்புறம், கடைக்கு ஓட வைக்கிற சாமான் நிறைய இருந்தால் அது ஞாயிற்றுக்கிழமைப் புத்தகம். அதை ஞாயிற்றுக்கிழமைச் சமையல்காரர்கள் வாங்கிக்கொள்ளட்டும். எனக்கு ஏழு மணிக்கு வேண்டும்.

இப்படித் தேடியதில்தான் மோர்க்களி எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் வளர்ந்த வீட்டில் அதைச் செய்ததே இல்லை. அரிசி மாவு, புளித்த மோர், மோர் மிளகாய், நல்லெண்ணெய். எல்லாம் வீட்டிலேயே இருக்கிற சாமான். மோரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, தாளித்ததில் ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். மாவு கனத்து வரும், பிறகு மேலே பளபளப்பு ஏறும். வெந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்குத்தான் நான் காசு கொடுத்தேன். என் பையன் தட்டை வழித்துவிட்டு “இது என்னம்மா?” என்று கேட்டான். தோசைக்கு அவன் அப்படிக் கேட்டதே இல்லை.

சமையல் புத்தகம் புத்தகமே இல்லையாம். 1951இல் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ வந்தது. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர் எழுதியது. ஆழாக்கும் படியுமாக அளந்த காலத்தில், முதல்முறை அடுப்புப் பற்றவைக்கிற பெண்ணுக்கும் புரிகிற மாதிரி எழுதினார். கல்யாணமாகிப் போகிற பெண்களுக்குச் சீர்ப் பாத்திரங்களோடு அதையும் கொடுத்து அனுப்பினார்கள். எழுபது ஆண்டு தாண்டியும் அச்சில் இருக்கிறது. கமெண்ட் போட்ட நண்பர் கொண்டாடுகிற நாவல்களில் எத்தனைக்கு இப்படிச் சொல்ல முடியும்? 1988இல் மல்லிகா பத்ரிநாத் சைவ கிரேவிகளுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். சப்பாத்திக்கு உருளைக்கிழங்கைத் தவிர வேறு தெரியாத வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! அதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைக்கச் சொல்லவில்லை. ‘சமைத்துப் பார்’ பிராமண வீட்டுச் சைவச் சமையல். மீனும் கறியும் சமைக்கிற எங்கள் வீட்டுக்கு அது மட்டும் போதாது. ஏழு மணி அளவுகோலை அதற்கும்தான் வைக்கிறேன்.

யூடியூப் இருக்கும்போது எதற்கு என்று கேட்டவர்களே, நானும் பார்க்கிறேன். பரோட்டாவுக்கு மாவு வீசுவதை எழுத்தில் சொல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்ன செய்வது என்றே தெரியாமல் நிற்கும்போது வீடியோ உதவாது. என்ன தேடுவது என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? புத்தகத்தைப் புரட்டினால் ஒரு நிமிடத்தில் பத்துப் பண்டம் கண்ணில் படும். மாவுக் கையோடு விளம்பரத்தைத் தள்ளிவிட வேண்டாம்.

“எங்க பாட்டி எந்தப் புத்தகம் பார்த்துச் சமைச்சாங்க?” என்று கேட்டவருக்கு நீளமாகப் பதில் சொல்ல விருப்பமில்லை. உங்கள் பாட்டிக்குத் தன் சமையலை எழுதி வைக்க யாராவது ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தீர்களா?

என் அம்மா அவள் விகடனோடு வரும் ‘30 வகை’ இணைப்புகளைச் சேர்த்து வைப்பார். காக்கி அட்டை போட்டு, ஊசிநூலால் தைத்து, எது நன்றாக வந்தது, எதற்கு உப்பு குறைக்க வேண்டும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதுவார். ஒருநாள் ராத்திரி அடுப்பு மேடையில் அதை விரித்து வைத்துக்கொண்டு காரக் கொழுக்கட்டைக்கு மாவு கிளறிக்கொண்டிருந்தார். மாமா வந்திருந்தார். “இந்த வயசுல என்னக்கா, பரீட்சைக்குப் படிக்கிறியா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சேர்ந்துதான். அதற்குப் பிறகு அம்மா அதை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைக்க ஆரம்பித்தார். யாரும் இல்லாதபோது எடுத்துப் பார்ப்பார். கொழுக்கட்டையை மட்டும் எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். படத்துக்குக் கீழே அந்தச் சிரிப்புக் குறிகளைப் பார்த்தபோது எனக்கு அந்த டிரம்தான் ஞாபகம் வந்தது.

ஒரு தோழி உள்பெட்டியில் வேறு மாதிரி கேட்டாள். “பெண்களைத் திரும்பவும் அடுப்படிக்கே அனுப்புகிறாயே?” இந்தக் கேள்வியை மதிக்கிறேன். ஆனால் அடுப்படியில் கட்டிப்போடுவது புத்தகம் இல்லை. எல்லாச் செய்முறையும் ஒரே பெண்ணின் தலைக்குள் இருக்கிற வரைக்கும் அவளால் ஒரு ராத்திரிகூட நகர முடியாது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் பிரெட். புத்தகத்தில் அளவோடு எழுதியிருந்தால் யாரும் எடுத்துச் செய்யலாம். எங்கள் வீட்டில் செய்கிறார்கள். நான் வரத் தாமதமானால் என் கணவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு புளி உப்புமா கிளறுகிறார். “உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு” என்று எனக்குப் போன் வருவதில்லை. பையனுக்குச் சட்னிப் பக்கங்கள் எல்லாம் தெரியும். “ராத்திரிக்கு என்ன?” என்கிற கேள்வி இப்போது என்னை மட்டும் பார்த்துக் கேட்கப்படுவதில்லை. எங்கள் அம்மாவைப் பார்த்து அதைக் கேட்டார்கள், கேட்டார்கள், கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். “உனக்கு என்ன வேணும்?” என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தத் தடவை வாங்கியதில் நெல்லைச் சமையல் ஒன்று இருக்கிறது. இடியாப்பமும் சொதியும் இந்த வாரமே செய்து பார்க்கப் போகிறோம், தேங்காய்ப்பால் பிழிவது என் கணவர் பொறுப்பு. உங்கள் வீட்டில் ராத்திரி ஏழு மணிக்கு உண்மையாகவே கை கொடுக்கிற புத்தகம் எது என்று கீழே எழுதுங்கள். எந்தப் பக்கம், என்ன பண்டம் என்றும் சொல்லுங்கள். யூடியூப் இணைப்பு போட வேண்டாம்.