எழுதியவர் எழுதாமல் விட்டதைக் கேளுங்கள்

சிறு பதிப்பகங்களும் இணைய இதழ்களும், கோயில் மலரும் பள்ளி நூற்றாண்டு மலரும் தயாரிப்பவர்களும், வெளியாட்களிடம் காசு கொடுத்துக் கட்டுரை எழுதி வாங்குவது இன்று சாதாரணம். வாங்கியதை, வேறு எங்கிருந்தாவது காப்பி அடித்ததா என்று பார்க்கும் ஏதாவது ஒரு மென்பொருளில் போட்டு, அது காட்டும் சதவீதத்தை எழுதியவரின் நேர்மைக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வதும் அதே அளவுக்குச் சாதாரணமாகிவிட்டது. எண் கூடுதலாக வந்தால் பணம் நிற்கிறது, எழுத்தாளர் குழுக்களில் அவர் பெயர் சுற்றுக்கு வருகிறது. குறைவாக வந்தால் கட்டுரை நேரே அச்சுக்குப் போகிறது. இப்படி வரும் கட்டுரைகளைச் செம்மையாக்கிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இரண்டு முடிவுகளும் அடிக்கடி தவறாகவே போவதைப் பார்க்கிறேன்.

மென்பொருள் பார்ப்பதெல்லாம், இந்தச் சொற்கோவை தன் கைக்கு எட்டிய வேறு எங்காவது இருக்கிறதா என்பதை மட்டும்தான். கல்லூரிகளில் அதிகம் புழங்கும் டர்னிட்டின் நிறுவனமே, தன் அறிக்கையில் வரும் எண் ஒற்றுமையின் அளவுதானே தவிர திருட்டுக்கான தீர்ப்பு அல்ல என்று சொல்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிமுறைகள், ஆய்வேடுகளில் 10 சதவீதம் வரையிலான ஒற்றுமையைத் தண்டனையின்றி விட்டுவிட்டு, அதற்கு மேல் 40, 60 என்று படிநிலைகள் வகுக்கின்றன. ஆனால் அந்தக் கணக்கைத் தொடங்கும் முன், முறையாகக் காட்டப்பட்ட மேற்கோள்களையும், நூற்பட்டியலையும், பொது அறிவுச் செய்திகளையும், தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துவரும் இடங்களையும் நீக்கச் சொல்கின்றன. நம்மவர்கள் அந்த 10 சதவீதத்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டார்கள். நீக்க வேண்டியவற்றை நீக்கும் பொறுமையை வாங்கிக்கொள்ளவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி யார் எழுதினாலும் ராஜராஜனும், 1010-ஆம் ஆண்டும், 216 அடி விமானமும் வந்தே தீரும். குறளை எடுத்துக்காட்டினால் குறள் ஒத்துப்போகும். கல்வெட்டு வாசகத்தையும் அரசாணையின் வாசகத்தையும் எழுதுபவர் தன் விருப்பத்துக்கு மாற்றக்கூடாது. மாற்றாமல் விட்டதற்காகவே அவர் திருடராகிறார் என்றால் குறை அவரிடம் இல்லை.

எண் குறைவாக வருவதுதான் தமிழில் இன்னும் பெரிய ஆபத்து. பழைய இதழ்களும் மலர்களும் நூல்களும் படமாக வருடப்பட்ட (ஸ்கேன் செய்த) கோப்புகளாகவே நூலகத் தளங்களில் கிடக்கின்றன. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை வேறு. அவற்றின் உள்ளே புகுந்து தேட இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு வழியில்லை. ஒருவர் வருடப்பட்ட ஒரு பழைய நூலை எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தாலும் அறிக்கை சுத்தமாக வரும். தேடலுக்கு எட்டும் இடத்திலிருந்து எடுத்தாலும், 'என்றார்' என்பதை 'எனக் கூறினார்' என்று மாற்றி, 'எழுதிக் கொண்டிருந்தார்' என்று பிரித்திருப்பதைச் சேர்த்து, வேற்றுமை உருபுகளை அங்கங்கே மாற்றிப்போட்டால் போதும். சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் கருவி தடுமாறிவிடும். ஒட்டுகளால் வளரும் மொழி இந்த வகையில் காப்பி அடிப்பவருக்கு மிகவும் வசதியானது.

அப்படியானால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? என் அனுபவத்தில் பிழைகளை வைத்துத்தான். சரியான செய்தி எல்லோருக்கும் பொது. இரண்டு பேர் தனித்தனியாகத் தேடிப் போனாலும் அதே இடத்தில்தான் போய் நிற்பார்கள். ஆனால் வேறு யாரும் செய்யாத ஒரு பிழையை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்வது அரிது. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்பவர்களுக்கு இது பழகிய வழி: இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே அடி விடுபட்டு, ஒரே சொல் ஒரே விதமாகச் சிதைந்திருந்தால், ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதியது, அல்லது இரண்டுக்கும் மூலம் ஒன்று என்று முடிவு செய்வார்கள். கட்டுரைக்கும் இதே கணக்குதான். ஆனால் பிழை அரியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மறக்கக் கூடாது. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற பொய்யைத் தமிழ்நாட்டில் பாதிப் பேர் நம்புகிறார்கள். அது ஒரு கட்டுரையில் இருப்பது, எழுதியவர் தஞ்சாவூருக்குப் போய்ப் பார்க்கவில்லை என்பதற்கு வேண்டுமானால் சாட்சியாகலாம், யாரிடமிருந்து எடுத்தார் என்பதற்கு ஆகாது. ஊர்ப் பெயர் ஒன்று தவறான மாவட்டத்தில் வைக்கப்பட்டிருப்பதும், பேரனின் பெயர் தாத்தாவுக்குப் போடப்பட்டிருப்பதும் வேறொரு கட்டுரையிலும் அப்படியே இருந்தால்தான் அது சாட்சி.

தமிழுக்கே உரிய தடயங்களும் உண்டு. முதல் பத்தியில் 'ஆஸ்திரேலியா', 'ஜெர்மனி' என்று எழுதியவர் நான்காம் பத்தியில் 'அவுஸ்திரேலியா', 'ஜேர்மனி' என்று எழுதினால், இடையில் ஏதோ ஓர் ஈழத்துக் கட்டுரை உள்ளே வந்திருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் மருத்துவக் கட்டுரையில் 'வைத்தியசாலை' தலைகாட்டினால் நான் ஒரு நிமிடம் நின்று பார்ப்பேன். காலெழுத்து வர வேண்டிய இடத்தில் ரகரம் வந்து, 'காலம்' என்பது 'கரலம்' என்று ஆகியிருந்தால், அது கை தட்டச்சில் வரும் பிழை அன்று. அச்சுப் பக்கத்தைக் கணினி படித்தபோது நேர்ந்த பிழை. மூலம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூலாக இருந்தால், பழைய வடிவில் அச்சான ணை, லை, னை எழுத்துகள் வந்த இடங்களிலெல்லாம் கணினி தடுக்கி விழுந்திருக்கும். இவை எதுவும் தனியாகக் குற்றத்தை நிறுவாது. எழுதியவர் அந்த நூலை முறையாக வாங்கி, மேற்கோளாகவே எடுத்திருக்கலாம். எங்கே போய்த் தேட வேண்டும் என்பதைத்தான் இவை காட்டுகின்றன.

பிழையைப் பொறியாகவே வைத்துப் பிடித்த புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ரூரல் என்ற தொலைபேசி நிறுவனம், தன் தொலைபேசிப் புத்தகத்தில் இல்லாத ஆட்களின் பெயர்களைச் சிலவிடங்களில் வேண்டுமென்றே சேர்த்து வைத்திருந்தது. ஃபைஸ்ட் என்ற பதிப்பகத்தின் புத்தகத்தில் அந்தப் பொய்ப் பெயர்களில் 4 அப்படியே இருந்தன. காப்பி என்பதில் ஐயமே இல்லை. ஆனாலும் 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபைஸ்டுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது: பெயர், ஊர், எண் ஆகிய தகவல்களுக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது, அகரவரிசையில் அடுக்கியதில் படைப்பாற்றல் எதுவும் இல்லை என்றது. நம் உச்ச நீதிமன்றமும், கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்பட்ட விதத்துக்கே உண்டு என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இலேயே சொல்லிவிட்டது. எடுத்தாரா என்பது ஒரு கேள்வி, எடுத்தது சட்டப்படி தவறா என்பது வேறு கேள்வி, நாணயக் குறைவா என்பது மூன்றாவது கேள்வி. நாட்டுடைமையாக்கப்பட்ட ஒரு நூலின் பத்தியைத் தன் பெயரில் போடுபவர் மேல் பதிப்புரிமை வழக்குத் தொடுக்க முடியாது என்பதால் அவர் எழுத்தாளர் ஆகிவிட மாட்டார். மேலே சொன்னது போன்ற ஒன்றில் பிடிபட்டவர் ஒருவர், "நன்னூலே முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்றுதானே சார் சொல்கிறது?" என்று என்னிடம் வாதாடினார். வழிநூல் செய்தவர் முதல்நூலை மறைத்து வைக்கவில்லையே ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மென்பொருளின் கண்ணில் படவே படாத வகை, ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துச் சொந்தக் கட்டுரையாகக் கொடுப்பது. மொழிபெயர்க்கும் உரிமையும் மூல ஆசிரியருக்கே என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. இதில் சொற்களைப் பார்ப்பதைவிட எண்களைப் பார்ப்பது பயன் தரும். வீட்டுக் கடன் கட்டுரை, கிரெடிட் ஸ்கோரின் உச்சம் 850 என்று சொன்னால் அது அமெரிக்காவின் ஃபைகோ கணக்கு. இங்கே சிபில் 300-இல் தொடங்கி 900 வரை போகிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை 7-ஐத் தாண்டினால் நீரிழிவு என்று ஒரு கட்டுரை எழுதினால், அது பிரிட்டன் போன்ற நாடுகளின் அளவு முறை. நம் ஊர் ஆய்வகச் சீட்டில் அதே அளவு 126 என்று இருக்கும். மாடித்தோட்டக் கட்டுரை, கடைசி உறைபனி முடிந்த பிறகு நாற்றை வெளியே வைக்கச் சொன்னால் மேற்கொண்டு எதுவும் பார்க்க வேண்டியதில்லை. சர்க்கரைக் கட்டுரை போன்றவற்றில் எழுத்துத் திருட்டைவிட, அதை நம்பித் தன் சீட்டைப் பார்க்கப்போகும் வாசகரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இவ்வளவுக்குப் பிறகும் முடிவு சொல்வதற்கு முன் எழுதியவரிடம் பேச வேண்டும். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்பதில் பயனில்லை. குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் நேர்மையானவரும் பதறிப்போவார். நான் கேட்பது, "இதில் சேர்க்காமல் விட்டது என்னென்ன?" என்பது. உண்மையாகத் தேடி எழுதியவரிடம் பக்கத்தில் இருப்பதைவிடக் கையில் அதிகம் இருக்கும்; எடுத்து ஒட்டியவரிடம் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் இருக்கும். நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பற்றிய ஒரு கட்டுரையை அறிக்கை சிவப்பாகக் காட்டியதால், அதை நிராகரிக்க விரும்பிய ஓர் இதழ் என் கருத்தைக் கேட்டது. எழுதிய பெண்மணியை அழைத்து இந்தக் கேள்வியைக் கேட்டேன். "நிறைய இருக்கு சார், எதைச் சொல்ல?" என்று தொடங்கியவர், விளக்கு வார்க்கும் அச்சுக்குக் காவிரி வண்டல் ஏன் தேவைப்படுகிறது, இப்போது அது கிடைப்பதில் என்ன சிக்கல், எந்தப் பட்டறையில் படம் எடுக்க விடவில்லை, கூலியைப் பற்றி ஒரு முதியவர் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டதால் ஏன் எழுதவில்லை என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். சிவப்பாக இருந்த பகுதிகள், புவிசார் குறியீடு தொடர்பாக எல்லாத் தளங்களிலும் ஒரே மாதிரி கிடக்கும் விவரங்கள். வாசகத்தை மாற்றி எழுதியிருக்கலாம் என்பதைத் தவிர அவரிடம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

இன்னொரு அநியாயமும் நடக்கிறது. ஒருவர் தன் வலைப்பூவில் எப்போதோ எழுதியதை நாலு தளங்கள் பெயரில்லாமல் எடுத்துப் போட்டிருக்கும். பிறகு அவரே அதை விரித்து எழுதிக் கொடுக்கும்போது, அந்த நாலு தளங்களையும் மூலமாகக் காட்டி அறிக்கை அவரையே திருடராக்கும். ஒத்துப்போகிறது என்று சொல்லும் கருவிக்கு எது முந்தியது என்று தெரியாது. வலைப்பதிவில் தெரியும் தேதியை மாற்றிவிடலாம் என்பதால், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கம் எந்த நாளில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே பாதுகாப்பு.

செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் கருவிகளை நான் பொருட்படுத்துவதே இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றது. அதையும் ஆங்கிலத்துக்கு மட்டுமே பயன்படுத்தச் சொல்லியிருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டில், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் தேர்வுக்காக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் இயந்திரம் எழுதியதாகச் சொன்னதைக் காட்டினார்கள். ஆங்கிலத்திலேயே இந்த நிலை. சொன்ன நூல் உண்மையில் இருக்கிறதா, சொன்ன பக்கத்தில் அந்தச் செய்தி இருக்கிறதா என்று பார்த்தாலே இதிலும் பாதி தெரிந்துவிடும்.

எழுதி வாங்குபவர்கள் தங்கள் பக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்பவர் பணியின்போது எழுதியது முதலாளிக்கு உரியது. தனிப்பட வேலை எடுத்துச் செய்பவர் எழுதியது, எழுத்தில் உரிமை மாற்றிக் கொடுக்காத வரை, அவருக்கே உரியது. அப்படி மாற்றிக் கொடுக்கும் ஆவணத்திலும் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. வாட்ஸாப்பில் "மூவாயிரம் சொல், வெள்ளிக்குள் வேணும்" என்று மட்டும் சொல்லி வாங்கிய கட்டுரையை அவர் இன்னொருவருக்கும் கொடுத்தால், அதைத் திருட்டு என்று சொல்ல இவர்களுக்கு என்ன பிடி இருக்கிறது? விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்த பத்திகளுக்கு மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். அவற்றின் மேல் 'அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே' என்று அச்சிடுபவர் எழுத்தாளர் அல்லர், பதிப்பாளர். சொல்லுக்குப் பைசாக் கணக்கில் கொடுத்துவிட்டு, நூலகத்துக்குப் போகும் பேருந்துக் கட்டணம்கூடத் தேறாத தொகையில் கள ஆய்வை எதிர்பார்ப்பதும் நடக்கிறது. அது காப்பி அடித்ததற்கு நியாயம் ஆகாதுதான். ஆனால் அந்த விலைக்கு வேறு எது வரும் என்று நினைத்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

திருட்டு என்று உறுதியானால் நான் பரிந்துரைப்பது இது: இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூலத்தின் தேதியோடு எழுதியவருக்கு அனுப்பி, எழுத்தில் பதில் கேட்க வேண்டும். பதில் வரும் வரை குழுக்களில் பெயர் போகக் கூடாது. எடுத்த பகுதி போக மீதி அவருடைய சொந்த உழைப்பு என்று தெரிந்தால், அந்த மீதிக்கு உரிய பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். முழுதும் எடுத்தது என்றால் ஒரு பைசாவும் கொடுக்க வேண்டியதில்லை. மூல ஆசிரியர் உயிரோடு இருந்தால் அவரிடம் பேசி, அவர் பெயரிலேயே அந்தக் கட்டுரையைப் போட அனுமதி கேட்டு, அந்தப் பணத்தை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.