நீர்மூழ்கிக்குப் போக நினைக்கும் சேலத்துத் தம்பிகளுக்கு

காந்தி மைதானத்தில் விடியற்காலையில் ஓடுகிற பையன்களில் முன்பெல்லாம் போலீஸ், ராணுவம் என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். இப்போது கடற்படைக்குத் தயாராகிறவர்களும் வந்துவிட்டார்கள். கடலே பார்க்காத ஊரிலிருந்து இவ்வளவு பேர் கிளம்புவது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. அவர்களில் சிலர் என்னிடம் வந்து கேட்பது ஒன்றுதான்: “அண்ணா, சப்மரைனுக்குப் போனால் கூடுதல் பணம் உண்டாமே?”

உண்டு. தனிப் படியே உண்டு. கேட்பதிலும் தவறில்லை. ஆனால் ஆள் சேர்ப்புக்குப் பயிற்சி தருகிறோம் என்று சொல்லிக் கட்டணம் வாங்குகிற சிலர் இந்த ஒரு தகவலை மட்டும் பையன்களின் காதில் போட்டு அனுப்புகிறார்கள். அதுதான் எனக்குக் கோபம். நான் நீர்மூழ்கியில் மின்பிரிவு மாலுமியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது கன்னங்குறிச்சியில் குடியிருக்கிறேன். அந்த வேலையை உயிராக நேசித்தவன். போகிறவன் எல்லாம் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். 2022இல் அக்னிபத் திட்டம் வந்த பிறகு மாலுமியாகச் சேருகிறவர்கள் அக்னிவீரர்களாகத்தான் சேர்கிறார்கள். ஒடிசாவில் உள்ள ஐ.என்.எஸ். சில்காவில் ஆரம்பப் பயிற்சி. பணிக்காலம் நான்கு ஆண்டு. அதன் முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். என் காலத்தில் சேரும்போதே பதினைந்து ஆண்டு என்று எழுதிக்கொடுத்துச் சேர்ந்தோம். நீர்மூழ்கிப் பிரிவு இதற்குள் தனி உலகம். கடற்படையில் சேர்ந்த பிறகு, விருப்பம் தெரிவித்து, மருத்துவச் சோதனையில் தேறி, விசாகப்பட்டினத்தில் உள்ள ஐ.என்.எஸ். சாதவாகனா என்ற நீர்மூழ்கிப் பயிற்சி நிலையத்தில் படித்துத்தான் அதற்குள் நுழைய முடியும். ஒரு நீர்மூழ்கி மாலுமி உருவாவதற்கே ஆண்டுகள் பிடிக்கும். நான்கு ஆண்டுக் கணக்கில் அது உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்பதைக் கடற்படையின் ஆள்சேர்ப்பு அதிகாரியிடமே கேளுங்கள். பயிற்சி தருகிறோம் என்று சுவரொட்டி அடித்தவரிடம் கேட்காதீர்கள்.

வகுப்பில் படித்துவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கப்பலுக்குள் போனதும் கையில் ஒரு நோட்டும் டார்ச்சும் கொடுத்து, ‘குழாய்களைப் பின்தொடர்ந்து வா’ என்பார்கள். உயர் அழுத்தக் காற்றுக் குழாய் எங்கே தொடங்குகிறது, எந்தச் சுவரைத் துளைத்துப் போகிறது, எந்த வால்வில் பிரிகிறது என்று தரையில் தவழ்ந்தும், எஞ்சினுக்கு மேலே ஏறிப் படுத்தும் பார்த்து, பிறகு காகிதத்தைப் பார்க்காமல் வரைந்து காட்ட வேண்டும். ஹைட்ராலிக், கடல்நீர், மின்சாரம், தீயணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் இதே பாடு. சமையல்காரருக்கும் இதில் விலக்கு இல்லை. இருட்டில், புகையில், கைத்தடவலிலேயே வால்வைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். கடைசியில் அதிகாரிகள் உட்கார்ந்து வாய்மொழியாகக் கேள்வி கேட்பார்கள். அதிலும் தேறினால்தான் மார்பில் டால்பின் சின்னம் ஏறும். அது இல்லாதவரை நீங்கள் அந்தக் கப்பலில் மற்றவர்களுடைய காற்றைச் சுவாசிக்கும் விருந்தாளி, அவ்வளவுதான்.

உள்ளே எப்படி இருக்கும்? இன்றைய கல்வரி வகை நீர்மூழ்கியின் நீளம் 67.5 மீட்டர். அதில் எஞ்சின், பேட்டரி, டார்பிடோ, கருவிகள் எல்லாம் இடம்பிடித்த பிறகு மிச்சமிருக்கும் இண்டு இடுக்குகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். நான் இருந்த பழைய ரகத்தில் ஒருவன் பணிக்கு எழுந்து போனதும் அதே படுக்கையில் அடுத்தவன் வந்து படுப்பான். மெத்தையில் முதலாமவனின் உடல்சூடு இன்னும் இருக்கும். சூரியன் கிடையாது. இரவா பகலா என்பதைக் கடிகாரமும், தட்டில் வருவது இட்லியா சோறா என்பதும்தான் சொல்லும். மேட்டூர்த் தண்ணீர் எப்போது வரும் என்று குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த தெருவில் வளர்ந்தவர்களுக்கு நன்னீரின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே குளியல் என்பதே அபூர்வம். டீசல் வாடை துணியில், தலைமுடியில், தோலில் ஏறிவிடும். ஊருக்கு வந்து துவைத்தாலும் எளிதில் போகாது.

டீசல் நீர்மூழ்கி ஆழத்தில் ஓடுவது பேட்டரியில். சார்ஜ் குறைந்தால் பெரிஸ்கோப் (வெளியே பார்க்கும் குழாய்) நீருக்கு மேலே எட்டும் ஆழத்துக்கு ஏறி, ஸ்நார்கெல் என்னும் குழாயை மட்டும் நீருக்கு மேலே நீட்டி, காற்றை இழுத்து எஞ்சினை ஓட்டித்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளில் ஓர் அலை வந்து குழாயின் வாயை மூடும். உடனே வால்வு அடைத்துக்கொள்ளும். எஞ்சினோ நிற்காமல் கப்பலுக்குள் இருக்கிற காற்றையே உறிஞ்சும். அடுத்த நொடி எல்லோருடைய காதும் ‘டப்’ என்று அடைக்கும். தூங்குகிறவனும் விழித்துக்கொள்வான். இரவு முழுக்க இப்படியே போகும்.

அதனால் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு எளிய யோசனை. ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வரும்போது உங்கள் காதைக் கவனியுங்கள். அடைத்த காது எச்சிலை விழுங்கினால் திறக்கிறதா, இல்லை அடிவாரம் வந்து ஒரு மணி நேரம் ஆகியும் வலிக்கிறதா? வலித்தால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மூழ்கிய கப்பலிலிருந்து தப்பும் பயிற்சியில் அழுத்தம் இதைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும். இன்னொன்றும் உண்டு. கிணற்றில் குதித்து நீந்திப் பழகிய நம் பையன்கள் அதிக நேரம் மூச்சை அடக்குவதைத்தான் கெட்டிக்காரத்தனமாக நினைப்பார்கள். அழுத்தக் காற்றைச் சுவாசித்துவிட்டு ஆழத்திலிருந்து மேலே வருகிறவன் மூச்சை அடக்கவே கூடாது. ஏற ஏற நுரையீரலில் இருக்கும் காற்று விரியும். அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும். பழகிய பழக்கத்தை மறப்பது எவ்வளவு கடினம் என்பது தப்பும் பயிற்சி நடக்கிற, நீர் நிரப்பிய கோபுரத்தில்தான் தெரியும்.

இனி வீட்டாருக்கு.

திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை நிலையம் 1990இலிருந்து இயங்குகிறது. மிகக் குறைந்த அதிர்வெண் அலைகளால் நீருக்குள் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நிலையம் அது. வானொலி அலைகளில் பெரும்பாலானவை உப்புநீரைத் தாண்டாது. இந்த அலைகள்தான் சில மீட்டர் ஆழம்வரை இறங்கும். செய்தி ஒரு வழியில் மட்டும் போகும். கப்பல் கேட்டுக்கொள்ளும், பதில் பேசாது. பேசினால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். மறைந்திருப்பது மட்டுமே அதற்குக் காப்பு.

இதன் பொருள் என்னவென்று பெற்றவர்களும், கட்டிக்கொள்ளப் போகிறவர்களும் யோசிக்க வேண்டும். வாட்ஸ்அப் கிடையாது, போன் கிடையாது. எங்கே போகிறோம், எந்தத் தேதியில் திரும்புவோம் என்று மனைவியிடம்கூடச் சொல்ல முடியாது. என் அப்பாயி இறந்தபோது நான் கடலில் இருந்தேன். துறைமுகத்தில் இறங்கி வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டார். மாடு கன்று போட்டதைச் சொன்னார். பக்கத்து நிலத்தில் போர் போட்டதைச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அப்பாயியைச் சொன்னார். அதற்குள் கருமாதியே முடிந்திருந்தது. என்னைத் தூக்கி வளர்த்த கை அது. தலைப்பேரனாக நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டிய இடத்தில் சித்தப்பா மகன் நின்றிருக்கிறான். இந்த வேலைக்குக் கொடுக்கிற விலையில் இதுவும் சேரும். எந்தப் படியாலும் அதை ஈடுகட்ட முடியாது.

ஆபத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் நின்றிருந்த நீர்மூழ்கி ஐ.என்.எஸ். சிந்துரக்ஷக் வெடித்து 18 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 26 அன்று ஐ.என்.எஸ். சிந்துரத்னா நீர்மூழ்கியில் புகை சூழ்ந்து இரண்டு அதிகாரிகள் உயிரிழந்தார்கள். அன்றே கடற்படைத் தலைமைத் தளபதி டி.கே. ஜோஷி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதன் பிறகு 2018இல், ஆழத்தில் சிக்கிய கப்பலிலிருந்து ஆட்களை மீட்கும் சிறிய மீட்பு வாகனம் நம் கடற்படைக்கு வந்தது. ஆனாலும் தீ என்று வந்துவிட்டால் முதலில் அணைக்க வேண்டியவர்கள் உள்ளே இருப்பவர்கள்தான். வெளியே ஓடிப்போக வாசல் கிடையாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ‘தைரியம் இருந்தால் போதுமா அண்ணா’ என்று கேட்கிறார்கள். தைரியம் எல்லோரிடமும் ஓரளவு இருக்கிறது. நான் பார்த்த நல்ல நீர்மூழ்கி மாலுமிகள் பெரும்பாலும் அமைதியானவர்கள். எங்கேயும் தூங்கக்கூடியவர்கள், எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கிறவர்கள், அடுத்தவனின் குறட்டையையும் சிடுசிடுப்பையும் பொறுக்கிறவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறு நடந்தால் வாயைத் திறந்து சொல்கிறவர்கள். எங்களோடு இருந்த ஓர் இளம் மாலுமி பேட்டரி அறையில் வேலை முடிந்து ஏறியதும் தன் ஸ்பேனரில் ஒன்று குறைகிறது என்று தானாக வந்து சொன்னான். உருளுகிற ஓர் இரும்புத் துண்டின் சத்தம் எதிரியின் சோனாருக்கு (ஒலியை வைத்துக் கப்பலைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு) கேட்கலாம். செல்களின் முனைகளுக்கு இடையில் விழுந்தால் மின்கசிவு, தீ. அத்தனை பேரும் தூக்கத்தை விட்டுத் தேடினோம். இரண்டு செல்களுக்கு நடுவே கிடந்ததை நீண்ட கொக்கியால் எடுத்தோம். யாரும் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவன் பயந்துகொண்டு மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டில் ஒரு டம்ளர் உடைந்ததற்கே பொய் சொல்லிப் பழகியவன் இந்த வேலைக்கு வேண்டாம்.

வேண்டாம் என்று முடிவெடுக்கிறவனைத் தயவுசெய்து யாரும் கேலி செய்யாதீர்கள். இது விருப்பத்தின்பேரில் ஏற்கும் பணி. சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து நுழைந்ததுமே மூச்சு முட்டுகிறவன், ‘எனக்கு இது ஒத்துவராது’ என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு மேற்பரப்புக் கப்பலில் சேர்ந்தால் அவனும் கடற்படை வீரன்தான்.

இன்னும் ஆசை விடாதவர்கள் ஒரு செலவு செய்யுங்கள். ரயில் ஏறி விசாகப்பட்டினம் போங்கள். அங்கே கடற்கரையிலேயே ஐ.என்.எஸ். குர்சுரா என்ற பழைய நீர்மூழ்கியை அருங்காட்சியகமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1969 முதல் 2001 வரை பணியில் இருந்த கப்பல். டிக்கெட் எடுத்துக்கொண்டு யாரும் உள்ளே போகலாம். செல்பி எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே வந்துவிடாதீர்கள். வட்டக் கதவுகளில் காலை முதலில் விட்டு நுழையுங்கள், படுக்கைகளுக்கும் கூரைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று கையால் அளந்து பாருங்கள், கூட்டம் நெரிக்கும்போது உங்கள் மனம் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மகன் எங்கே படுப்பான், எங்கே சாப்பிடுவான் என்பதை அவர் கண்ணால் பார்த்த பிறகு வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.