மொடக்குறிச்சி 1996: தேர்தல் ரத்தாகவில்லை

"மொடக்குறிச்சியில 1,033 பேர் நின்னதால தேர்தலையே ரத்து பண்ணிட்டாங்க, நாமளும் அதேமாதிரி வேட்புமனு போடலாம்" என்று ஈரோட்டுப் பக்கம் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுற்றுகிறது. பாதிதான் உண்மை. 1996 சட்டமன்றத் தேர்தலில் விவசாயிகள் தங்கள் குறைகளைக் கவனிக்கச் சொல்லிக் கூட்டமாய்க் களமிறங்க, 1,033 வேட்பாளர்கள் நின்றது நிஜம். வாக்குச்சீட்டையே புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் தேர்தல் நடந்தது, திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. சொந்த ஓட்டு எங்கே போச்சுங்களோ! இப்போது அதேமாதிரி கூட்டமாய் மனு போடுவதும் லேசில்லை. அன்று டெபாசிட் 250 ரூபாய். இன்று பொதுப்பிரிவினருக்கு 10,000, சுயேச்சையை முன்மொழிய 10 வாக்காளர்கள் வேறு வேண்டும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் 1996 தமிழகத் தேர்தலின் புள்ளிவிவர அறிக்கை இருக்கிறது. சரிபார்த்துவிட்டு, அந்த ஃபார்வர்டை உங்களோடு நிறுத்திவிடுங்கள்.