சம்பளம் மட்டும் போதாது

நல்ல மென்பொருள் நிறுவனம் என்றால் கைநிறையச் சம்பளமும் அழகான அலுவலகமும்தான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சம்பளம் முக்கியம், சரி. ஆனால் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் வீட்டிலிருந்து வேலை செய்யும் எனக்கு, 2022 மின்வெட்டுக் காலத்தில் கொழும்பிலிருந்த டீம் லீட் கேட்டதுதான் பெரிது: "உங்க பக்கம் எத்தனை மணிக்குக் கரண்ட் வரும், தங்கச்சி?" அதைப் பார்த்து மீட்டிங் நேரத்தையே மாற்றினார். கரண்ட் போனாலும் இணையம் நிற்காதிருக்க ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்றும் நிறுவனச் செலவில் வந்தது. நான் எழுதிய நிரலைச் சரிபார்க்கும் கோட் ரிவியூவிலும் அவர் பிழையைத்தான் சொல்வார், ஆளைக் குத்திப் பேசமாட்டார்.

அப்புறம், வேலை தேடும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று. கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு இருக்கும் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) உங்களுக்கும் உரியது. நிறுவனம் தன் பங்காக உங்கள் சம்பளத்தில் ஈபிஎப்புக்கு 12 வீதம், ஈடிஎப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் என்ற கணக்கில் தன் கையிலிருந்து கட்டவேண்டும். 'கான்ட்ராக்ட் வேலை' என்று சொல்லி அதை நழுவவிடும் இடங்களும் உண்டு. கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்.