எண்ணூர்ச் சேற்றை விட்டுவிட்டீர்களே
பழவேற்காடு ஏரிக்கு ராம்சர் அங்கீகாரம் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற பட்டம்) கிடைத்துவிட்டால் வட சென்னைக் கடலோரப் பறவைகள் பிழைத்துக்கொள்ளும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பறவைக்கு வரைபடத்தில் போட்ட கோடு தெரியாதே. பழவேற்காடு ஏரியின் தமிழகப் பகுதி 1980லேயே சரணாலயம் ஆகிவிட்டது. தெற்கே எண்ணூர் முகத்துவாரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது காட்டுக்குப்பம் பக்கம் படகு விளிம்பில் ஒரு கூழைக்கடா உட்கார்ந்திருந்தது. மார்பு முழுக்கத் தார் பூசினதுபோல் கறுப்பு. இறகைக் கோதிக் கோதி அலகும் கறுத்திருந்தது. கிட்டே போனாலும் பறக்கவில்லை. தென் சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு 2022இல் ராம்சர் பட்டம் வந்தது, சரி, நல்லதுதான். அதை ஒட்டிய பெருங்குடிக் குப்பைமேடு அதற்காக மறுநாளே மறைந்துவிடவில்லை. அப்புறம், மேலே கருத்து எழுதிய ஒருவர் மீனவர்கள்தான் பறவையை விரட்டுகிறார்கள் என்கிறார். தண்ணீர் வற்றும் நேரத்தில் ஒருநாள் வந்து பாருங்கள் ஐயா. பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். பத்தடி தள்ளி உள்ளான் என்கிற கரைப்பறவைக் கூட்டம் அதுபாட்டுக்குச் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும். இரண்டு பேருக்கும் அந்தச் சேறுதான் சோறு. அனல்மின் சாம்பல் படிந்து இறுகிப்போன இடத்தில் இறாலும் இல்லை, உள்ளானும் இல்லை.